இரண்டு மாவட்டங்களுக்கு ஓர் எண்: காலநிலை மாதிரிக்குள் மேகம் எப்படி நுழைகிறது?

அரூர்ப் பக்கம் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தும் ஆசிரியர் ஒருவர் கேட்டிருப்பது இது: “மே மாதத்தில் ஒரே மாலை ஓசூரில் கொட்டித் தீர்க்கிறது, பாலக்கோட்டில் தூறல்கூட இல்லை. உலகம் முழுவதையும் கணக்கிடும் காலநிலை மாதிரிகள் மேகங்களின் இந்த வேறுபாட்டை எப்படிக் கையாள்கின்றன? கையாளவில்லை என்றால், 2100ஆம் ஆண்டைப் பற்றி அவை சொல்வதை எந்த நம்பிக்கையில் வகுப்பில் சொல்வது?” போகிறபோக்கில், கிருஷ்ணகிரி கிரானைட் குவாரித் தூசு மழையைக் கெடுக்குமா என்றும் கேட்டிருக்கிறார்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஓசூருக்கும் பாலக்கோட்டுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலான உலக மாதிரிகளின் கண்ணுக்கே தெரியாது. அப்படி ஒரு வேறுபாடு இருந்தாக வேண்டும் என்பதும் அது ஏறத்தாழ எவ்வளவு என்பதும் மட்டும் அவற்றுக்குச் சொல்லித்தரப்பட்டிருக்கிறது. அதை எவ்வளவு நன்றாகச் சொல்லித்தந்திருக்கிறோம் என்பதில்தான் உங்கள் இரண்டாம் கேள்விக்கான விடை இருக்கிறது. மாதிரியின் மேகப் பகுதியைக் குடையும் வேலையில் சில காலம் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: ஒரு மாதிரி தரும் சராசரியை நம்பலாமா என்று பார்ப்பதற்கு முன், அந்தச் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறலை அது அனுமதிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முதலில் கட்டத்தின் அளவு. காலநிலை மாதிரி என்பது பூமியைக் கட்டங்களாக வெட்டிக்கொண்டு கணக்கிடும் கணினி நிரல். தருமபுரி மாவட்டம் ஏறத்தாழ 4,500 சதுர கிலோமீட்டர். கிருஷ்ணகிரி 5,100க்குச் சற்று மேல். இரண்டும் சேர்ந்து 9,600. நூற்றாண்டுக் கணக்கில் ஓட்டப்படும் உலக மாதிரிகள் பலவற்றில் ஒரு கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர், அதாவது 10,000 சதுர கிலோமீட்டர். 2004இல் பிரித்த இரண்டு மாவட்டங்களை மாதிரி மறுபடியும் ஒட்டி ஒரே பெட்டியில் போட்டுவிடுகிறது. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மேட்டுநிலம், மேலகிரிக் காடு, காவிரி இறங்கும் ஒகேனக்கல் பள்ளத்தாக்கு, சித்தேரி மலை, ஊத்தங்கரைச் சமவெளி என்று தரை எத்தனை விதமாக இருந்தாலும், தரையிலிருந்து மேல்நோக்கி அடுக்கிய ஒவ்வொரு காற்று அடுக்குக்கும் ஒரு வெப்பநிலை, ஓர் ஈரப்பதம், ஒரு காற்றுவேகம் மட்டும்தான். அரை மணி நேரத்துக்கு ஒருமுறையோ அதைவிடச் சற்று அடிக்கடியோ அந்த எண்கள் புதுப்பிக்கப்படும்.

மேகம் இந்த அளவுக்கெல்லாம் கட்டுப்படுவதில்லை. கோடை மதியத்தில் மேலே மிதக்கும் திரள் மேகம் ஒன்றின் அகலம் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவாக இருக்கும். அதனுள் இருக்கும் நீர்த்துளியின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கு அருகில். அப்படிப் பத்து லட்சம் துளிகள் சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி. துளியிலிருந்து கட்டத்துக்கு வரவே அளவு ஆயிரம் கோடி மடங்கு பெரிதாகிவிடுகிறது. இடையில் நடப்பதையெல்லாம் சமன்பாடு போட்டுத் தீர்க்க எந்தக் கணினியாலும் ஆகாது. அதனால் கட்டத்தின் சராசரி தெரிந்தால் உள்ளே என்ன நடந்திருக்கும் என்று சொல்லும் சுருக்கவிதிகளை எழுதிவைத்திருக்கிறார்கள்.

மிகப் பழைய விதி வெகு எளிமையானது. பெட்டியின் ஒப்பீரப்பதம், அதாவது காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு இருக்கிறது என்பது, 100 சதவீதத்தைத் தொட்டால் முழுவதும் மேகம், தொடாவிட்டால் வெறும் வானம். இப்படி விட்டால் நம் பெட்டியில் ஆண்டில் பெரும்பாலான நாள்கள் மேகமே இராது. உண்மையில் சராசரி 80 சதவீதமாக இருக்கும்போதே ராயக்கோட்டைக்கு மேல் காற்று தெவிட்டியிருக்கும், பெண்ணாகரத்தில் வறண்டிருக்கும். ஸ்வீடன் நாட்டு அறிஞர் சுந்த்க்விஸ்ட் 1970களின் பிற்பகுதியில் இதற்கு ஒரு வழி சொன்னார். பெட்டிக்குள் ஈரப்பதம் ஒரு குறிப்பிட்ட அகலத்தில் பரவிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள். சராசரி ஒரு வரம்பைத் தாண்டியதும் கொஞ்சம் கொஞ்சமாக மேகம் தோன்றட்டும். அந்த வரம்பு 70 சதவீதம் என்றால், சராசரி 80ஆக இருக்கும்போது வானத்தில் 18 சதவீதம் மேகம். 90ஆகும்போது 42 சதவீதம். 100இல் முழு மூட்டம். மாணவர்களுக்குச் சூத்திரமும் வேண்டுமா? ஒன்றிலிருந்து ஒரு வர்க்கமூலத்தைக் கழிக்க வேண்டும். அந்த வர்க்கமூலத்துக்குள், ஒன்றிலிருந்து சராசரி ஒப்பீரப்பதத்தைக் கழித்து, வந்ததை ஒன்றிலிருந்து வரம்பைக் கழித்த எண்ணால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்த 70 எங்கிருந்து வந்தது என்பதில்தான் சிக்கல். மார்கழி விடியலில் தளியில் தரையோடு படியும் மூடுபனிக்கும் மே மாத மாலையில் அரூருக்கு மேல் எழும் கார்திரள் மேகத்துக்கும் (இடிமேகம்) அதே 70. பசிபிக் கடலுக்கும் அதே 70, அல்லது கடலுக்கு வேறு ஒன்று. மாதிரியை இயக்குகிறவர்கள் இதைக் குமிழ் என்பார்கள். செயற்கைக்கோள் காட்டும் மேக அளவோடு விடை ஒத்துவரும் வரை திருகுவார்கள். இதில் மோசடி எதுவும் இல்லை, எல்லோருக்கும் தெரிந்தே செய்வது. ஆனால் இன்றைய வானத்துக்குப் பொருத்தமாகத் திருகிய குமிழ், இரண்டு டிகிரி சூடேறிய வானத்துக்கும் பொருந்தும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை.

மேக அளவு ஓரளவு சரியாக வந்துவிட்டாலும் வேலை முடிவதில்லை. மேகத்தில் எவ்வளவு நீர் இருக்கிறது, அது எப்படிச் சிதறியிருக்கிறது என்பதும் வேண்டும். ஏன் என்று ஒரு சின்னக் கணக்கால் காட்டலாம். கரும்பலகையில் போட்டே காட்டலாம்.

மேகத்துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து மழைத்துளியாகும் வேகம், மேகநீரின் அளவுக்கு நேர்விகிதத்தில் கூடுவதில்லை. பரவலாகப் பயன்படும் ஒரு விதியின்படி அது நீர் அளவின் 2.47ஆம் அடுக்கில் கூடும்; இங்கே 2.5 என்று வைத்துக்கொள்வோம். மேகத்தின் பாதியில் ஒரு கிலோ காற்றுக்கு 0.2 கிராம் நீர், மறுபாதியில் 1 கிராம். சராசரி 0.6 கிராம். சராசரியை மட்டும் விதியில் போட்டால் கிடைப்பது 0.28. இரண்டு பாதிகளையும் தனித்தனியாகப் போட்டுச் சராசரி எடுத்தால் 0.51. மேகம் ஒன்று, நீரும் அதே அளவு. மழையாகும் வேகம் மட்டும் ஏறத்தாழ 1.8 மடங்கு. நீர் செறிந்திருக்கும் மூலைதான் மழையைத் தொடங்கிவைக்கிறது. அந்த மூலையே இல்லை என்று வைத்துக்கொண்ட மாதிரிக்குத் தொடங்குவது எங்கே என்று தெரியாது. அதனால் மழை விதியின் முன்னால் இருக்கும் மாறிலியை உயர்த்திச் சரிக்கட்டுகிறார்கள். அப்போது எல்லா மேகமும் சற்றே மழை பெய்யத் தொடங்கிவிடுகிறது.

சூரிய ஒளியில் இதே பிழை எதிர்த் திசையில் வரும். மெல்லிய மேகம் நூற்றுக்கு 23 பங்கு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, அதைவிட ஒன்பது மடங்கு தடித்த மேகம் 73 பங்கை அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எளிய கதிர்வீச்சுச் சூத்திரம் ஏறத்தாழ இப்படித்தான் தரும். சரிபாதியாக இருந்தால் சராசரி 48. ஆனால் இரண்டின் தடிமனையும் முன்னமே சராசரியாக்கி ஒரே மேகமாகச் செய்துவிட்டால் அது 60 பங்கைத் திருப்பிவிடும். உச்சி வெயிலில் இது சதுர மீட்டருக்கு நூறு வாட்டுக்கும் மேற்பட்ட வேறுபாடு. எல்லா இடத்திலும் இவ்வளவு வராது. நான் எடுத்தது கொஞ்சம் முரட்டு உதாரணம். ஆனாலும் கார்பன் டை ஆக்சைடு இரண்டு மடங்கானால் பூமிக்குக் கூடும் வெப்பம் சதுர மீட்டருக்கு 4 வாட்டுக்கு அருகில்தான் என்பதை நினைத்துக்கொண்டால், இதில் ஒரு சிறு பங்கு தவறினாலும் என்ன ஆகும் என்று விளங்கும். 1990களில் இதற்குச் செய்த வைத்தியம் கொஞ்சம் சிரிப்பு வரவைக்கும். ஒளிக்கணக்குக்குப் போகும் முன் மேகநீரை 0.7ஆல் பெருக்கிவிடுவார்கள். அமெரிக்காவின் கஹாலன் 1994இல் கடல்மேல் படியும் படைதிரள் மேகங்களை அளந்து எடுத்த எண் அது. அதே எண்ணைக் கண்டங்களின் மேல் எழும் இடிமேகத்துக்கும் போட்டார்கள்.

2003இல் பிங்கஸ், பார்க்கர், மோர்க்ரெட் ஆகியோர் இதைவிட அழகான வழியைக் கண்டுபிடித்தார்கள். பெட்டியைப் பல குறுகிய நெட்டுத் தூண்களாகக் கற்பனை செய்துகொள். ஒவ்வொரு தூணிலும் மேகம் இருக்கிறதா, எவ்வளவு தடித்தது என்பதை, எந்த அளவு எத்தனை அடிக்கடி வரும் என்று காட்டும் பரவலிலிருந்து சீட்டுக் குலுக்கி எடு. ஒளியின் ஒவ்வோர் அலைநீளப் பகுதியையும் ஒரு தூணுக்குள் விடு. ஒருமுறை வரும் விடையில் இரைச்சல் இருக்கும், ஆனால் ஒரு பக்கமாகச் சாயாது. இன்று பல முன்னணி மாதிரிகளில் இருப்பது இந்த வழியோ இதன் தம்பியோதான். மேலடுக்கு மேகமும் கீழடுக்கு மேகமும் ஒன்றின்மேல் ஒன்று நிற்கின்றனவா, விலகி நிற்கின்றனவா என்ற பழைய தலைவலியும் இதோடு சேர்ந்து ஓரளவு தீர்ந்தது.

சரி, சீட்டை எடுக்கும் பானையாகிய அந்தப் பரவல் எங்கிருந்து வரும்? அதையும் கணிக்க வேண்டிய பொருளாகவே ஆக்கிவிட்டார்கள். வெயில் தரையைச் சுட்டுக் காற்றைக் கலக்கினால் சிதறல் கூடும். மழை பெய்து செறிந்த மூலை வடிந்தால் குறையும். மேலே வறண்ட காற்று இறங்கினால் பரவல் ஒரு பக்கமாகச் சாயும். 1993இல் டீட்கே மேகத்தின் பரப்பையே நேரத்தோடு வளர்ந்து தேயும் அளவாக எழுதினார். பிறகு வந்தவர்கள் பரவலின் அகலத்தையும் சாய்வையும் அப்படி எழுதினார்கள். அமெரிக்காவில் புழங்கும் ஒரு முறையில், செங்குத்துக் காற்றுவேகம், வெப்பநிலை, ஈரப்பதம் ஆகிய மூன்றும் சேர்ந்த கூட்டுப்பரவலை இரண்டு மணிவடிவ வளைவுகளால் கட்டுகிறார்கள்: ஒன்று மேலெழும் ஈரக்காற்றுக்கு, மற்றது இறங்கும் வறண்ட காற்றுக்கு. குறைந்த உயரத்து மேகங்களை இந்த வழி பழையவற்றைவிட நன்றாகப் பிடிக்கிறது என்பது என் கருத்து. கணக்கு நேரம் கூடுகிறது, குமிழ்களும் கூடுகின்றன என்ற முணுமுணுப்பு நியாயமானதுதான்.

இதுவரை சொன்னது பெரும்பாலும் அமைதியான மேகங்களைப் பற்றி. உங்கள் ஓசூர், பாலக்கோடு கேள்வி இடிமேகத்தைப் பற்றியது, அது வேறு கதை. வானொலியில் கேட்டுச் சலித்திருப்பீர்கள்: “ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழைக்கு வாய்ப்பு.” எங்கே பெய்தாலும் அவர்கள் சொன்னது சரியாகிவிடும் என்று டீக்கடையில் கேலி செய்வார்கள். அந்த வகைப்பாட்டுக்கு வரையறை உண்டு. ஒரு பகுதியின் மழைமானிகளில் 25 சதவீதம் வரை மழை பதிவானால் ஓரிரு இடங்கள், 50 வரை சில இடங்கள், 75 வரை பல இடங்கள், அதற்கு மேல் பெரும்பாலான இடங்கள். பெட்டிக்குள் இருக்கும் சிதறலைப் பொதுமக்களிடம் நேர்மையாகச் சொல்லும் முறை இது. காலநிலை மாதிரிகள் இதைக் கற்றுக்கொள்ளத்தான் நாற்பது ஆண்டுகள் திணறின.

திணறலின் வேர் 1974இல் அரக்காவாவும் ஷுபர்ட்டும் எழுதிய கோட்பாட்டில் இருக்கிறது. சூடான காற்று மேலெழுந்து உருவாகும் வெப்பச்சலன மேகங்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர முடியாது, அதனால் ஒரு கூட்டமாக எடுத்துக்கொள்வோம் என்றார்கள். பெட்டி, பல மேகங்கள் அடங்கும் அளவுக்குப் பெரிது. வெயில் எவ்வளவு வேகமாகக் காற்றின் நிலையின்மையை, அதாவது மேலெழும் உந்துதலை, கூட்டுகிறதோ அவ்வளவு வேகமாக மேகக்கூட்டம் அதைக் கரைத்துவிடும். அருமையான கோட்பாடு, இன்றும் பல மாதிரிகளின் முதுகெலும்பு. ஆனால் நம் இரண்டு மாவட்டப் பெட்டியில் ஒரு மே மாலையில் எத்தனை இடிமேகம் எழும்? ஒரு பேச்சுக்குச் சராசரி நான்கு என்று வைப்போம். தற்செயலாக எழுபவற்றின் எண்ணிக்கை பாய்சான் பரவல் என்ற நிகழ்தகவு விதியைப் பின்பற்றும், திட்டவிலக்கம் (சராசரியைச் சுற்றிய வழக்கமான சிதறல்) இரண்டு. சூழல் கொஞ்சமும் மாறாமலே நூறு நாளில் இரண்டு நாள் ஒரு மேகம்கூட எழாது. ஐந்து நாள் எட்டோ அதற்கு மேலோ எழும். மாதிரியோ நூறு நாளும் நான்கு மேகத்தின் மழையை எடுத்து 10,000 சதுர கிலோமீட்டருக்கும் சமமாகத் தெளித்துவிடும். உலக மாதிரிகள் அடிக்கடி, லேசாகப் பெய்கின்றன என்ற புகழ்பெற்ற குற்றச்சாட்டு இப்படித்தான் வருகிறது. 2010இல் ஸ்டீபன்ஸ் குழு செயற்கைக்கோள் ரேடார் பதிவுகளோடு ஒப்பிட்டபோது, மாதிரிகள் உண்மையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு அடிக்கடி மழை பெய்வித்தது தெரிந்தது.

கட்டத்தைச் சிறிதாக்கினால் சரியாகிவிடும் என்று தோன்றும். முதலில் மோசமாகும். பக்கத்தை 10 கிலோமீட்டராக்கினால் நம் பெட்டி நூறு சிறு பெட்டிகளாகிறது; ஒவ்வொன்றுக்கும் சராசரி 0.04 மேகம். இருபத்தைந்தில் ஒரு பங்கு மேகம் என்று ஒன்று உலகத்தில் கிடையாது. கூட்டம் என்ற கற்பனையும் செல்லாது, தனி மேகத்தை முழுதாகக் காணும் கூர்மையும் இல்லை. இந்த இடைப்பட்ட அளவைத் துறையில் சாம்பல் மண்டலம் என்பார்கள்.

இங்கேதான் தற்செயலையே விதிக்குள் கொண்டுவரும் யோசனை உதவியது. 1999இல் ஐரோப்பிய நடுத்தரகால வானிலை முன்கணிப்பு மையத்தில் பூயிட்சா, மில்லர், பாமர் மூவரும் முரட்டுத்தனமான ஒன்றைச் செய்தார்கள்: சுருக்கவிதிகள் தரும் மாற்றங்களை 0.5க்கும் 1.5க்கும் இடையில் குலுக்கி எடுத்த எண்ணால் பெருக்கினார்கள். முன்கணிப்புகளின் சிதறல் உண்மைக்கு நெருங்கியது. பிறகு வந்தவை இன்னும் நுட்பமானவை. பிளான்ட், கிரேக் இருவரின் 2008ஆம் ஆண்டு முறை, மேலே நான் போட்ட பாய்சான் கணக்கையே மாதிரிக்குள் ஓட்டுகிறது: இந்த நேரத்தில் இந்தப் பெட்டியில் எத்தனை மேகம் என்று குலுக்கி எடுக்கிறது. பௌலம் கூய்டர் முதலானோரின் முறையில் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு சதுரங்கப் பலகையைப் போன்ற சிறு கட்டங்கள் உண்டு. ஒவ்வொன்றும் வெறும் வானம், நடுத்தர உயரத் திரள்மேகம், உயர்ந்த இடிமேகம், பரந்த படைமேகம் என்ற நான்கு நிலைகளில் ஒன்றில் இருக்கும். சூழலைப் பொறுத்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் இணைந்து, பருவமழைக் கணிப்புக்குப் பயன்படும் மாதிரியில் இதைப் பொருத்தி 2017இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பருவமழை சில வாரம் கொட்டி, சில வாரம் ஓய்வெடுக்கும் அந்த ஏற்ற இறக்கம் மேம்பட்டது. பெட்டிக்குள் நடக்கும் குலுக்கல், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பரந்த அலையைத் திருத்துகிறது. எனக்கு இன்றும் வியப்பு தரும் முடிவு இதுதான்.

நேரமும் ஒரு பிரச்சினை. நம் பக்கம் கோடை இடிமழை பெரும்பாலும் பிற்பகல் நான்கு மணிக்கு மேல்தான் வரும். இரவு வரை நீளும். பல மாதிரிகளில் மழை உச்சி வேளையிலேயே வந்துவிடும். வெயில் கூடியதும் உடனே மேகம் எழுந்து நிலையின்மையைக் கரைக்க வேண்டும் என்பது அவற்றின் விதி. மேகம் வறண்ட காற்றோடு போராடி, ஒரு தலைமுறை செத்து அடுத்த தலைமுறைக்கு ஈரம் சேர்த்து, மெல்ல மெல்ல உயரும் அந்தக் காத்திருப்பு விதியில் இல்லை. எழும் மேகம் பக்கத்துக் காற்றை எவ்வளவு உள்ளிழுக்கிறது என்ற ஓர் எண், மாதிரியின் குணத்தையே மாற்றும் வல்லமை உடையது. ஆயிரக்கணக்கானோரின் வீட்டுக் கணினிகளில் ஒரு மாதிரியை ஓட்டிப் பார்த்த 2005ஆம் ஆண்டு ஆய்வில், உலகம் எவ்வளவு சூடாகும் என்ற விடையை மிக அதிகமாக ஆட்டிய குமிழ்களில் ஒன்றாக அதுவே வந்தது.

மழைக்கு முன்னால் மண்வாசனையோடு திடீரென அடிக்கும் குளிர்காற்றும் இதில் சேர்த்தி. மழை ஆவியாகிக் குளிர்ந்த காற்று கீழே விழுந்து தரையோடு பரவுகிறது. அதன் விளிம்பு வெப்பக்காற்றை நெம்பித் தூக்கி அடுத்த மேகத்தைப் பிறப்பிக்கிறது. பர்கூரில் பெய்த மழை காவேரிப்பட்டணத்தில் இன்னொன்றைக் கிளப்பிவிடுவது இப்படித்தான். பெட்டிக்கு முந்தைய மழையின் நினைவு இருக்க வேண்டும் என்று பொருள். பிரெஞ்சு மாதிரி ஒன்றில் இதற்கென்றே ஒரு விதி உண்டு. பெரும்பாலான மாதிரிகளில் இல்லை.

எதற்கெடுத்தாலும் ஃபெஞ்சல் புயலைக் காட்டும் வழக்கம் நம் மாவட்டங்களில் வந்துவிட்டது, அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் கிடந்த புயல் அது. டிசம்பர் 2 காலை முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர். மாவட்டம் ஓராண்டில் பெறும் சராசரி மழையில் பாதிக்கும் மேல். அது தனி இடிமேகத்தின் வேலை அல்ல. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரந்த அமைப்பு, இன்றைய வானிலை மாதிரிகள் காணக்கூடியது. ஆனால் அதனுள் கனமழைப் பட்டை எந்த ஏரிகளின் மேல் நிற்கும் என்பது பெட்டிக்குள் நடக்கும் சங்கதி. 500 சதுர கிலோமீட்டரில் 50 சென்டிமீட்டர் பெய்து மற்ற இடமெல்லாம் காய்ந்திருந்தால், 100 கிலோமீட்டர் கட்டத்தின் சராசரி இரண்டரை சென்டிமீட்டர்தான். அந்த எண்ணைப் பார்த்து எந்த ஏரிக்கரையும் பயப்படாது.

கட்டத்தை ஒரு கிலோமீட்டருக்கே கொண்டுபோய்விட்டால் என்ன? பக்கத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் கணக்கு ஆயிரம் மடங்கு கூடும்: இரு திசைகளில் பத்துப் பத்து, நேரப்படியிலும் பத்து. 100 கிலோமீட்டரிலிருந்து ஒன்றுக்கு வர பத்து லட்சம் மடங்கு. ஜப்பானியர்கள் 2000களிலேயே 3.5 கிலோமீட்டரில் உலகம் முழுவதையும் சில நாள்களுக்கு ஓட்டிக் காட்டினார்கள். இந்தியாவில் 2025 மே மாதம் 6 கிலோமீட்டர் முன்கணிப்பு அமைப்பு நடைமுறைக்கு வந்தது. ஆனால் பத்து நாள் வானிலைக்கு ஆகும் செலவும் நூறு ஆண்டுக் காலநிலைக்கு ஆகும் செலவும் ஒன்றல்ல. ஒரு கிலோமீட்டரிலும் சிறு திரள்மேகம் கண்ணுக்குத் தப்பும். எந்திரக் கற்றல் பக்கமும் நிறைய வேலை நடக்கிறது. நுண்கட்ட மாதிரியைப் பார்த்துப் பழகிய நரம்பியல் வலைப்பின்னல் ஒன்றை, பழக்கிய காலநிலையைவிட நான்கு டிகிரி சூடான உலகில் விட்டபோது அது தடுமாறியது 2018லேயே தெரிந்துவிட்டது. பிறகு முன்னேற்றம் உண்டு. இருந்தாலும் பார்க்காத வானத்தைப் பற்றிக் கேட்கும்போது நான் இன்னும் இயற்பியல் எழுதியிருக்கும் பக்கம்தான் சாய்வேன்.

இனி உங்கள் இரண்டாம் கேள்வி. மேகங்கள் இன்று ஒளியைத் திருப்பி அனுப்புவதால் பூமி சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 45 முதல் 50 வாட் வரை இழக்கிறது. வெப்பத்தைப் பிடித்துவைப்பதால் 25 முதல் 30 வரை பெறுகிறது. நிகரமாக 20 வாட்டளவு குளிர்ச்சி. சூடேறும் உலகில் இது சிறிது குறைந்தாலும் வெப்பம் கூடும். 1979இல் சார்னி தலைமையிலான குழு, கார்பன் டை ஆக்சைடு இரட்டித்தால் 1.5 முதல் 4.5 டிகிரி வரை சூடேறும் என்றது. 2021இல் வந்த ஐ.நா. காலநிலைக் குழுவின் ஆறாம் அறிக்கை 2.5 முதல் 4 வரை, நடுவில் 3 என்றது. அதே காலத்து மாதிரிகளைத் தனியே எடுத்தால் 1.8 முதல் 5.6 வரை சிதறிக் கிடந்தன; சிதறலுக்குப் பெரும் பொறுப்பு மேகங்கள். அறிக்கை மாதிரிகளை மட்டும் நம்பாமல், கடந்தகால வெப்பநிலை, பனியுகச் சான்றுகள், செயற்கைக்கோள் அளவுகள் ஆகியவற்றையும் சேர்த்து வரம்பைச் சுருக்கியது.

ஆகவே வகுப்பில் இப்படிச் சொல்லலாம்: சூடேறும் என்பதில் ஐயமில்லை, மேகங்கள் அதைத் தணிப்பதைவிடச் சற்றுக் கூட்டவே செய்யும் என்பதற்கு வலுவான சான்று உண்டு, எவ்வளவு என்பதில் இன்னும் அகலம் இருக்கிறது. ஒரு டிகிரிக்குக் காற்று 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பது பாடப்புத்தக இயற்பியல். கனமழை மேலும் கனக்கும் என்பதற்கு அது போதுமான காரணம். ஆனால் “2070இல் பாலக்கோடு வட்டத்தில் மழை 11 சதவீதம் கூடும்” என்பதுபோல் யாராவது வண்ண வரைபடத்தை நீட்டினால், எத்தனை மாதிரிகள், அவற்றுக்குள் எவ்வளவு வேறுபாடு என்று கேளுங்கள். பெரிய கட்டத்தின் விடையை நுண்கட்டத்தில் வரைந்துவிட்டால் அறிவு கூடிவிடாது, படம்தான் அழகாகும்.

குவாரித் தூசுக்குச் சுருக்கமான விடை: பாறை உடைக்கும் தூசு பெரும்பாலும் பருமனானது, அருகிலேயே படிந்துவிடும், அதனால் நுரையீரலுக்குத்தான் முதல் கேடு. மேகத்துளிகளின் எண்ணிக்கையை மாற்றுவது புகை, எரிபொருள் மாசு போன்ற மிக நுண்ணிய துகள்கள். முன்பு சொன்ன அதே மழை விதியில், நீர் மாறாமல் துளிகளின் எண்ணிக்கை இரட்டித்தால் மழையாகும் வேகம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். அங்கும் சராசரித் துளி எண்ணிக்கையைப் போட்டால் பிழைதான்.

மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள். மழைக்காலத்தில் நாளிதழ்கள் நிலையவாரியாக மழை அளவை வெளியிடுகின்றன: தருமபுரி, பாலக்கோடு, மாரண்டஅள்ளி, பெண்ணாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, ஓசூர், தளி, நெடுங்கல், பாரூர், போச்சம்பள்ளி என்று. ஒவ்வொரு நாளுக்கும் எல்லா நிலைய அளவுகளையும் வர்க்கப்படுத்திச் சராசரி எடுக்கட்டும். அதைச் சராசரியின் வர்க்கத்தால் வகுக்கட்டும். எல்லா ஊரிலும் ஒரே அளவு பெய்திருந்தால் விடை 1. இருபதில் ஒரே ஊரில் பெய்திருந்தால் விடை 20. மே மாத நாள்களையும் வடகிழக்குப் பருவமழை நாள்களையும் தனித்தனியே வைத்துப் பார்த்தால், ஒரே குமிழை இரண்டுக்கும் வைப்பது எப்படிப்பட்ட சமரசம் என்று அவர்களுக்கே தெரியும். பிறகு மாவட்டவாரியாகப் பிரித்து மீண்டும் செய்யட்டும். கட்டம் சிறுத்தால் எண் எப்படி மாறுகிறது என்று பார்க்கலாம். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். மழையில்லாத நிலையங்களைப் பட்டியலில் விட்டுவிடுவது நாளிதழ் வழக்கம். அவற்றைப் பூச்சியமாகச் சேர்க்க வேண்டும். ஆனால் அன்று அளக்கவே இல்லாத நிலையத்தைப் பூச்சியமாக்கிவிடக் கூடாது. எது எது என்று வட்டாட்சியர் அலுவலகத்து மழைப் பதிவேட்டைப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும்.